ஸ்பிரிங்குக்கு வேண்டியது கரண்டு

நெல் வயலுக்கு எதிரொலி கிடையாது. நம்பாதவர்கள் சம்பா நடவு முடிந்த சமயத்தில் ஒரத்தநாட்டுப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ வந்து, வரப்பில் நின்று ஒரு சத்தம் போட்டுப் பாருங்கள். போன சத்தம் போனதுதான். மோதித் திரும்ப மலை இல்லை, பாறை இல்லை. தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு நிற்கும். அது சத்தத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர திருப்பிக் கொடுக்காது. எங்கள் ஊர் மைக்செட்டுக்காரர்களுக்கு 'எக்கோ' மேல் இருக்கிற பைத்தியத்துக்கு இதுதான் காரணம் என்பது என் சொந்தக் கருத்து. நிரூபிக்கச் சொல்லாதீர்கள். காதுகுத்துக்கு வந்த மொய்யை வாசிக்கிற பெரியவரின் குரல்கூட "தாய்மாமன் சீர்... சீர்... சீர்..." என்று கேட்டால்தான் பந்தலுக்கே ஒரு களை வருகிறது.

எங்கள் வீட்டிலேயே மைக்செட் இருந்தது. சித்தப்பா வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கூம்பு, ஆம்ப்ளிபயர், 12 வோல்ட் பேட்டரி, சீரியல் செட்டு எல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் கிடக்கும். அதனால் ஈயம் உருகுகிற வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் இந்தப் பதிவு மைக்செட்டைப் பற்றியது இல்லை. அத்தையின் வீணையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வீணைக்காக ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியும், அதை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரும் செய்த கதை.

அத்தை தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறார். நவராத்திரிக்கு இரண்டு மூன்று கோயிலில் வாசிப்பார். வீணையின் சத்தம் சின்னது. மேடையில் மைக் வைத்தால் பக்கத்து ஜெனரேட்டர் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும் என்று குடத்தில் ஒட்டுகிற கான்டாக்ட் பிக்கப் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தோம். சத்தம் வந்தது, வீணை வரவில்லை.

"ஏண்டா தம்பி, கூடத்துல வாசிச்சா ஒரு நெறவு இருக்குல்ல, அது எங்கடா போச்சு? வெறும் கம்பிச் சத்தமால்ல கேக்குது."

அவர் சொன்னது சரி. பலாமரக் குடத்தில் தோன்றும் ஒலியில் பாதி நம் காதுக்கு நேராக வருவதில்லை. சுவரில், தரையில், ஓட்டுக் கூரையில் பட்டுச் சிதறித்தான் வருகிறது. பிக்கப் குடத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கூடமே தெரியாது.

"எக்கோ போர்டு ஒண்ணு போட்டுரு மாப்ள, அம்பது கிராம் எடைகூட இருக்காது" என்றான் அத்தை மகன். அவன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. அவன் சொல்வது 2399 என்கிற ஐசி போட்ட போர்டு. சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எல்லா ஊரிலும் அசெம்பிள் செட்டுக்காரர்கள் வாங்கி மாட்டுவது அதைத்தான். வந்த ஒலியை உள்ளே எண்களாக மாற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிச் சொல்லும். "சீர்... சீர்..." அதன் கைங்கரியம்தான். மொய் வாசிக்க அது போதும். ஆனால் தாராசுரம் மாதிரி ஒரு கல் மண்டபத்துக்குள் நின்று கைதட்டிப் பாருங்கள், ஒரு தட்டுக்கு ஒரு பதில் என்று வராது. நூறு பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் கரைந்து போகும். வீணைக்கு வேண்டியது அதுதான், அதற்குப் பெயர்தான் ரிவெர்ப். ஒரே சுரம் கால் விநாடி கழித்து அப்படியே திரும்பி வந்தால் தாளமே ஆடிப்போகும்.

இந்தக் காலத்தில் கைபேசி அளவு டிஜிட்டல் ரிவெர்ப் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எனக்கு ஸ்பிரிங் மேல் நெடுநாள் ஆசை. அத்தை ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கை வைத்து ஒலியைத் தாமதப்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர்கள் பாட்டுக்காரர்கள் இல்லை, தொலைபேசிக்காரர்கள். நீண்ட தூர லைனில் வருகிற தாமதத்தை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே உண்டாக்கிப் பார்க்க அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைச் செய்தார்கள். லாரன்ஸ் ஹாம்மண்ட் அதைத் தன் மின் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய வாடிக்கையாளர்கள் தேவாலயத்தில் கேட்ட ஆர்கன் சத்தத்தைத் தங்கள் வீட்டு முன்னறையில் எதிர்பார்த்தார்கள். கம்பளம் விரித்த முன்னறையில் அது எப்படி வரும்? 1939இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1941இல் கிடைத்தது. (அதே 1939இல்தான் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. டெல்டா வீடுகளுக்குள் பெட்டி வழியாகக் கச்சேரி வரத் தொடங்கிய காலமும், பெட்டிக்குள் மண்டபத்தை அடைக்கப் பார்த்த காலமும் ஒன்று.) முதலில் வந்தவை உயரமான சமாசாரம், ஸ்பிரிங்குகள் எண்ணெய்க் குழாய்க்குள் தொங்கும். 1960 வாக்கில்தான் ஒரு முழ நீளத் தகரப் பெட்டியாகச் சுருங்கியது. அதை வாங்கி 1961இல் பெண்டர் கம்பெனி கிடாருக்கான தனிப் பெட்டியாக விற்றது. 1963இல் ஆம்ப்ளிபயருக்குள்ளேயே வைத்தும் கொடுத்தது. அதன் பிறகு கலிபோர்னியாக் கடற்கரைக் கிடார் பையன்கள் அதை விடவே இல்லை.

ஸ்பிரிங் கைக்கு வராதவர்கள் வேறு வழி தேடினார்கள். அரிசோனாவில் லீ ஹேசில்வுட் என்ற தயாரிப்பாளர், டுவேன் எடி என்ற கிடார் கலைஞரின் பதிவுகளுக்காக ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியையே வாங்கி ஸ்டூடியோவுக்கு வெளியே வைத்தார். உள்ளே ஒரு பக்கம் ஸ்பீக்கர், மறுபக்கம் மைக். இதைப் படித்ததிலிருந்து எனக்குப் பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலின் நெற்களஞ்சியம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய வட்டமான களஞ்சியம், மேலே கூம்பிய கூரை. கும்பகோணம் போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். காலியாக இருக்கும் அதற்குள் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்து அத்தையின் பைரவியை அனுப்பிப் பார்க்க யாராவது அனுமதி வாங்கிக் கொடுத்தால் நான் தயார். அதுவரை தகரப் பெட்டிதான்.

பெட்டியை இணையத்தில் வரவழைத்தேன். வாங்குவதற்கு முன் அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையிலிருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் பெட்டிக்கும் ஜென்மப் பகை. என்னுடையது 4ஏபி3சி1பி. முதல் 4, நீளமான இரட்டை ஸ்பிரிங் பெட்டி. 'ஏ' என்றால் உள்ளீட்டுச் சுருள் 8 ஓம், 'பி' என்றால் வெளியீட்டுச் சுருள் 2250 ஓம். இரண்டும் 1000 ஹெர்ட்ஸில் அளந்தவை. 3 என்றால் ஒலி அடங்க நேரம் எடுக்கும், ஏறக்குறைய 3 முதல் 4 விநாடி. 'சி' என்றால் உள்ளீட்டுச் சாக்கெட் பெட்டியின் தகரத்தைத் தொடாமல் தனித்து நிற்கிறது, வெளியீடு தகரத்தோடு எர்த் ஆகியிருக்கிறது. இந்த 'சி' பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது. மிச்சம் இரண்டும் பூட்டு, பொருத்தும் திசை பற்றியவை.

மூடியில்லாத பெட்டி. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு சின்னத் தகரத் தட்டு நாலு மூலையிலும் குட்டி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. வெளி அதிர்வு உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. அந்தத் தட்டின் இரு கோடிக்கும் நடுவில் இரண்டு ஸ்பிரிங்குகள், மெல்லிய கம்பி, சுற்று சுற்றாக. ஒவ்வொன்றின் கோடியிலும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக உருளை காந்தம். அந்தக் காந்தம் இரும்புத் தகடுகளால் ஆன ஒரு கவ்வியின் இடைவெளியில் எதையும் தொடாமல் நிற்கிறது. கவ்வியின் மேல் செம்புக் கம்பிச் சுருள். சுருளில் சிக்னல் பாய்ந்தால் காந்தம் முன்னும் பின்னும் போவதில்லை, திரும்புகிறது. ஈர வேட்டியைப் பிழிகிற மாதிரி ஸ்பிரிங்கை முறுக்குகிறது. அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியே ஓடி மறுகோடிக்குப் போய், அங்கே உள்ள காந்தத்தைத் திருப்பி, அந்தச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அங்கே முடிவதில்லை. திரும்பி வருகிறது, மறுபடியும் போகிறது.

ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஒரு ஸ்பிரிங்கில் ஏறக்குறைய 33 மில்லி விநாடி, இன்னொன்றில் 41. காற்றில் ஒலி 33 மில்லி விநாடியில் 11 மீட்டர் போய்விடும். இங்கே ஒரு முழத்தைக் கடக்க அவ்வளவு நேரம். இரண்டு ஸ்பிரிங்குக்கும் தாமதம் வேறு வேறாக வைத்தது வேண்டுமென்றேதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் குழாய்க்குள் பேசுவது போல ஆகிவிடும். இன்னொரு விசேஷமும் உண்டு. எல்லாச் சுரமும் ஸ்பிரிங்கில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு டக் என்ற தட்டலை அனுப்பினால் அது மறுகோடியில் டக் என்று வராது, இழுபட்டு "ட்வீயூங்" என்று வரும். ஸ்பிரிங் ரிவெர்ப்பின் குணமும் குற்றமும் அதுதான். எந்த மண்டபமும் இப்படிப் பேசாது. பெட்டியை ஒரு குலுக்கு குலுக்கினால் இடி இடிக்கும். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு நாள் அதை வைத்தே விளையாடினார்கள்.

சரி, இதை ஓட்டுவது எப்படி? 8 ஓம் என்று போட்டிருக்கிறது, ஸ்பீக்கரும் 8 ஓம், ஆகவே எல்எம்386 மாதிரி ஒரு சின்ன ஐசியில் நேராக மாட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓடவும் ஓடும். அப்படி மாட்டிய பெட்டிகளை நான் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, அடிவயிற்றுச் சத்தம் பொதபொதவென்று முழங்கும், மேல் சுரங்கள் செத்துக் கிடக்கும்.

ஏனென்றால் அந்த 8 ஓம் ஒரு ரெசிஸ்டர் இல்லை. மல்டிமீட்டரை வைத்தால் 1 ஓம்கூடக் காட்டாது. அது வெறும் சுருள், ஏறக்குறைய 1.3 மில்லி ஹென்றி. 1000 ஹெர்ட்ஸில் 8 ஓம், 4000இல் 32 ஓம், 250இல் 2 ஓம். சாதாரண ஆம்ப்ளிபயர் எந்தச் சுரத்துக்கும் ஒரே வோல்ட்டைத்தான் கொடுக்கும். அப்போது 4000 ஹெர்ட்ஸில் போகிற கரண்டு 1000இல் போவதில் கால்வாசி, 250இல் போவதோ மூன்று நான்கு மடங்கு. காந்தத்தைத் திருப்புவது கரண்டுதான், வோல்ட் இல்லை. மேலே பட்டினி, கீழே அளவுக்கு மீறிய சாப்பாடு. அந்தக் குட்டி இரும்புக் கவ்வி ஓரளவுக்கு மேல் காந்த ஓட்டத்தைத் தாங்காது, நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு என்ன ஊற்றினாலும் கரகரப்புத்தான். இந்த 8 ஓம் சுருளுக்குச் சொல்லியிருக்கும் அளவு 28 மில்லி ஆம்பியர். (கரண்டைத் தண்ணீரோடும் மதகோடும் ஒப்பிடாத டெல்டாக்காரன் கிடையாது. நான் செய்வதாக இல்லை.)

ஆக, வேண்டியது எந்தச் சுரம் வந்தாலும் அதே கரண்டைத் தள்ளுகிற ஆம்ப்ளிபயர். சுருள் எதிர்க்க எதிர்க்க வோல்ட்டைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும். கேட்க ஏதோ பெரிய வித்தை போல இருக்கும். செய்வது சுலபம். சுருளின் ஒரு முனையில் ஆம்ப்ளிபயரின் வெளியீடு, மறுமுனையை நேராக எர்த்துக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர். சுருள் வழியாகப் போகிற கரண்டு முழுவதும் அந்த 10 ஓமைக் கடந்துதான் போயாக வேண்டும். அதன் தலையில் இருக்கும் வோல்ட்டை எடுத்து ஆப்-ஆம்ப் ஐசியின் மைனஸ் காலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால், உள்ளே வருகிற சிக்னலும் இந்த வோல்ட்டும் ஒன்றாக இருக்கும்படி ஆப்-ஆம்ப் பார்த்துக்கொள்ளும். 0.28 வோல்ட் உள்ளே வந்தால் 28 மில்லி ஆம்பியர் போயே தீரும். இப்போது அந்த 'சி' ஏன் முக்கியம் என்று தெரிந்திருக்கும். உள்ளீட்டுச் சாக்கெட் தகரத்தோடு எர்த் ஆகியிருந்தால் நம் 10 ஓம் ஷார்ட் ஆகிவிடும், வேலை நடக்காது.

600 ஓம் சுருள் போட்ட பெட்டிகளும் உண்டு. அதற்கு 3 மில்லி ஆம்பியர் போதும், என்இ5532 மாதிரி ஐசியே தனியாகத் தள்ளிவிடும், டிரான்சிஸ்டரே வேண்டாம் என்று புத்தகக்காரர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் 5000 ஹெர்ட்ஸில் அந்தச் சுருள் 3000 ஓம் ஆகிவிடும். 3 மில்லி ஆம்பியரைத் தள்ள 9 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதுவும் ஆர்எம்எஸ் கணக்கில். பிளஸ் 15, மைனஸ் 15 சப்ளை இருந்தால் ஒப்பேற்றலாம். எனக்கு அது ஆகாது. நவராத்திரியானாலும் சாமி புறப்பாடானாலும் எங்கள் பக்கம் கரண்டை நம்பி எதையும் செய்வதில்லை. கஜா புயலுக்குப் பிறகு 2018இல் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் இவை. சித்தப்பாவின் மைக்செட்டும் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடியது. என் பெட்டியும் அதில்தான் ஓட வேண்டும். 8 ஓம் சுருளுக்கு 5000 ஹெர்ட்ஸில்கூட 1 வோல்ட் சொச்சம் போதும். 12 வோல்ட்டில் தாராளம். பதிலுக்கு அது கேட்பது கரண்டு. 28 மில்லி ஆம்பியர் ஆர்எம்எஸ் என்றால் உச்சத்தில் 40. நான் போடும் சாதாரண டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐசி அவ்வளவு தராது. அங்கேதான் டிரான்சிஸ்டர் வருகிறது.

ஒரு ஜோடி போதும். பி.டி.139, பி.டி.140. ஒன்று மேல் பாதியைத் தள்ளும், மற்றது கீழ்ப் பாதியை இழுக்கும். கடைக்காரரிடம் கேட்டபோது பழைய டப்பாவிலிருந்து எஸ்.எல்.100, எஸ்.கே.100 எடுத்து நீட்டினார். பாலிடெக்னிக்கில் படித்த யாருக்கும் அந்தத் தகரத் தொப்பியைப் பார்த்தால் லேப் ஞாபகம் வந்துவிடும். ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்துக் கால் எமிட்டர். தொப்பி கலெக்டரோடு ஒட்டியது, ஆகவே இரண்டு தொப்பியும் முட்டிக்கொள்ளக் கூடாது. நான் அவற்றையே போட்டேன். காரணம் ஆசைதான், தொழில்நுட்பம் இல்லை.

இரண்டு பேஸுக்கும் நடுவில் 1என்4148 டையோடு இரண்டு, வரிசையாக. டையோடுகள் சேருமிடத்தில் ஆப்-ஆம்ப்பின் வெளியீடு. மேல் பேஸிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஒரு 2.2 கே, கீழ் பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு 2.2 கே. இந்த டையோடுகள் இல்லாமலும் ஓடும், ஆனால் சிக்னல் ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து மற்றதற்குக் கைமாறும்போது ஒரு சின்ன இடறல் இருக்கும். வீணையின் நாதம் அடங்குகிற கடைசி நேரத்தில் அது மணல் விழுந்தது போலக் கேட்கும். ஆகவே இரண்டும் எப்போதும் கொஞ்சம் விழித்தே இருக்க டையோடுகள். ரொம்ப விழித்துச் சூடாகாமல் இருக்க எமிட்டருக்கு ஒன்றாக 4.7 ஓம் ரெசிஸ்டர். ஹீட் சிங்க் தேவையில்லை, விரலை வைத்தால் சூடே தெரியாது.

எமிட்டர்கள் சேருமிடத்திலிருந்து 470 மைக்ரோ பாரட் கண்டென்சர் வழியாக ஸ்பிரிங் சுருளுக்கு. ஒற்றை 12 வோல்ட் சப்ளை என்பதால் நடுப்புள்ளி 6 வோல்ட்டில் நிற்கும். அந்த 6 வோல்ட் சுருளுக்குள் போகாமல் தடுக்கத்தான் கண்டென்சர். அதனால் இன்னொரு வேலை சேர்கிறது. 10 ஓமிலிருந்து வரும் தகவலில் நடுப்புள்ளியைப் பற்றிய செய்தி இருக்காது. அதற்குத் தனியாக எமிட்டர் முனையிலிருந்து மைனஸ் காலுக்கு ஒரு 100 கே, 10 ஓமின் தலையிலிருந்து அதே காலுக்கு ஒரு 0.1 மைக்ரோ பாரட். ஒன்று நிலையைக் காக்கிறது, மற்றது ஆட்டத்தைக் கவனிக்கிறது.

பிளஸ் காலுக்கு 6 வோல்ட்டிலிருந்து ஒரு 100 கே. சிக்னல் வருவது 0.01 மைக்ரோ பாரட் வழியாக, '103' என்று எழுதியிருக்குமே அந்தக் கண்டென்சர். இந்த இரண்டும் சேர்ந்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடும். மந்தரக் கம்பி போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். வீணையின் நேர் ஒலி வேறு வழியாக முழுசாகப் போகிறது, ஸ்பிரிங்குக்குப் போகிற பங்கில் மட்டும்தான் இந்த வடிகட்டல். அடி ஒலியை ஸ்பிரிங்குக்குள் விட்டால் குளறுபடி தவிர ஒன்றும் கிடைக்காது. கடைசியாகச் சுருளுக்குக் குறுக்கே ஒரு 68 ஓம். மேலே போகப்போக ஆம்ப்ளிபயர் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிறுத்துவது அதுதான். அது இல்லாவிட்டால் காதுக்குக் கேட்காத உயரத்தில் சர்க்யூட் தானாகப் பாட ஆரம்பித்துவிடலாம்.

எல்லாம் டாட் போர்டில் உள்ளங்கையளவு இடத்தில் பற்றவைத்து முடிந்தது. ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு எமிட்டர் முனை 6 வோல்ட்டில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். கைபேசியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் கொடுத்துக் கரண்டை அளக்கலாம். ஆனால் மஞ்சள் நிறச் சின்ன மல்டிமீட்டரை நம்பி இறங்காதீர்கள். அதில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்சுதான் கீழ் ரேஞ்ச், 0.28 வோல்ட்டை அது எங்கே பார்க்கும்? நான் ஒரு நண்பரின் சி.ஆர்.ஓ.வில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) பார்த்தேன். 10 ஓமின் மேல் உச்சிக்கு உச்சி 0.8 வோல்ட் தெரிந்தால் கணக்கு சரி. ஸ்பிரிங்கை மாட்டிய பிறகு கைபேசியில் 1000, 2000, 4000 என்று மாற்றிக்கொண்டே போனால் 10 ஓமின் அலை அசையாமல் நிற்கிறது, சுருளின் அலை மட்டும் எழும்பிக்கொண்டே போகிறது. இந்தப் பதிவில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் அதுதான்.

மறுகோடியில் வருவது சில மில்லி வோல்ட். டிஎல்072இல் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறதே, ஒன்று ஓட்டுகிறது, மற்றதை 200 மடங்கு பெருக்க வைத்தால் தீர்ந்தது. இங்கே சர்க்யூட்டில் சிரமம் இல்லை, 'கொர்ர்' தான் சிரமம். 2250 ஓம் சுருள் ஒரு நல்ல காந்த மோப்பக்காரன். பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால் ஸ்பிரிங்கைப் பற்றிக் கவலைப்படாமல் 50 ஹெர்ட்ஸைத்தான் முதலில் கொண்டுவந்து கொடுக்கும். பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு கோணத்தில் அடங்கும். வெளியீட்டுக் கோடி டிரான்ஸ்பார்மருக்குத் தூரத்தில் இருக்க வேண்டும், ஷீல்டு வயர் போட வேண்டும், எர்த் ஓரிடத்தில் மட்டும்தான் சேர வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் இந்தப் பஞ்சாயத்தில் பாதி இல்லை.

அத்தை வாசித்துப் பார்த்தார். முதலில் ஸ்பிரிங் பங்கைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தேன். சாரணிக் கம்பியில் ஒரு நீண்ட ஷட்ஜம், ஆகா என்றிருந்தது. அப்புறம் தோடியில் காந்தாரத்தை அசைத்தார். போன அசைவு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் அடுத்தது, இரண்டும் ஒன்றோடொன்று உரசி...

"தம்பி, இது யாரோ கூடவே தப்பா வாசிக்கிற மாதிரி இருக்குடா."

கமகத்துக்கு 3, 4 விநாடி நீளம் அதிகம். ஸ்பிரிங் பங்கின் குமிழை எட்டில் ஒரு பங்குக்குக் குறைத்த பிறகு ரிவெர்ப் இருப்பதே தெரியவில்லை. அணைத்தால்தான் ஏதோ போய்விட்டது என்று தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தினோம். கர்நாடக சங்கீதத்துக்காகவே செய்பவர்கள் நடு எண் 3க்குப் பதில் 2 போட்ட பெட்டியை வாங்குங்கள், சீக்கிரம் அடங்கும். தாளக் கம்பியை ஓங்கி மீட்டினால் அந்த "ட்வீயூங்" கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. மிருதங்கத்தை இதன் வழியாக விட்டுப் பார்த்தேன், சொல் எல்லாம் தகரமாகிவிட்டது. தவிலைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பந்தல் மேடைப் பலகையில் யாராவது தொம்மென்று நடந்தாலும் இடி இடிக்கும், ஆகவே பெட்டிக்கு அடியில் தடியான ஸ்பாஞ்சு அவசியம்.

கீபோர்டுக்கும் கிடாருக்கும் மட்டும் அப்படியே திறந்துவிடலாம். எக்கோ போர்டு போடச் சொன்ன அதே அத்தை மகன் ஒரு சாயங்காலம் ஆர்கன் டோனை வைத்து இதில் வாசித்தான். அப்புறம் பெட்டியைத் திருப்பித் தர அவனுக்கு மனசில்லை.

"மாப்ள, காலால அமுத்தினா நிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் போட்டுக் குடு."

சுவிட்ச் எங்கே என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. ஸ்பிரிங்குக்குள் போகும் சிக்னலை வெட்டினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முழக்கம் தன் நேரத்துக்கு அடங்கும். வெளியே வரும் பக்கம் வெட்டினால் அந்த நொடியே ஊமையாகிவிடும். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பேச வருவார், அதனால் சட்டென்று நிற்க வேண்டும் என்பது அவன் கட்சி. வெட்டுப்பட்ட ஒலியைக் கேட்க எனக்குப் பிடிக்காது என்பது என் கட்சி. கடைசியில் இரண்டு சுவிட்சும் போட்டேன். உள்ளே போவதை வெட்டுகிற என் சுவிட்சுக்குப் பச்சை, அவனுடையதற்குச் சிவப்பு. போன வாரம் பட்டுக்கோட்டையில் ஒரு கச்சேரிக்கு எடுத்துப் போனவன் இரண்டையும்தான் அமுக்குகிறானாம், மெதுவான பாட்டுக்குப் பச்சை, குத்துப் பாட்டுக்குச் சிவப்பு. அத்தையின் வீணைக்கு இனி இன்னொரு பெட்டி வரவழைக்க வேண்டும். இந்த முறை எண் 2.